இருபது சென்ட் கீழ்ப்படிதல்

கீழ்ப்படிதலைப் பற்றி நான் குறைந்தது முப்பது பிரசங்கமாவது செய்திருப்பேன். ஆபிரகாம் எனக்குப் பிடித்த ஆள். மோரியா மலை எங்கள் ஊரில் இல்லை என்பது அதில் இருக்கும் வசதி. மகனைப் பலியிடச் சொல்லி மார்த்தாண்டம் பக்கம் எந்தச் சத்தமும் இதுவரை கேட்டதாகத் தகவல் இல்லை. ஆகவே சொல்பவனும் கண் கலங்கலாம், கேட்பவர்களும் கண் கலங்கலாம். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிடலாம்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயர் வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிய சபைகளுக்குப் போய்ப் பேசுவேன். சில வருடம் டீக்கனாகவும் இருந்தேன். இங்கே எழுதப்போவது அந்த முப்பது பிரசங்கத்தில் சேராதது. அக்காளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். என் பெயரைப் போடாதே, உன்னை நல்லவனாகக் காட்டாதே என்று இரண்டு நிபந்தனை வைத்தாள். முதல் நிபந்தனை சுலபம்.

அப்பா 1998இல் இறந்தார். வீடு ஏற்கெனவே தம்பி பெயருக்குப் போயிருந்தது. மிச்சமிருந்தது ஒரு ஏக்கர் இருபது சென்ட் தென்னை விளை. பிறகு, முதல் பக்கத்தில் எங்கள் மூவரின் பிறந்த தேதியையும் எழுதிவைத்திருந்த ஒரு வேதாகமம். வேதாகமத்துக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை.

மறுவருடம் விளையை இரண்டாகப் பிரித்து நானும் தம்பியும் எடுத்துக்கொண்டோம். அதற்கு அம்மாவும் அக்காளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காள் இரண்டு பஸ் மாறி வந்தாள். ஆவண எழுத்தர் பத்திரத்தை வாசித்து முடித்ததும், "எனக்கு ஒன்றும் இல்லையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சண்டைக்கான குரல் இல்லை அது. பந்தியில் தன் இலைக்கு மட்டும் குழம்பு வராதவர் கேட்பதுபோல் இருந்தது. அம்மா சொன்னாள்: "உனக்குச் சீதனம் கொடுத்தாயிற்று. தம்பிமார் சொல்வதற்குக் கீழ்ப்படிந்து போ. நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் அவர்கள்தானே வருவார்கள்." நான் என் பங்குக்கு, "கிறிஸ்தவக் குடும்பத்தில் சொத்துத் தகராறு வந்தால் அது சாட்சியைக் கெடுக்கும், அக்கா" என்றேன். அப்படியே சொன்னேன். சாட்சியைக் கெடுக்கும் என்று.

அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து ஒரு பட்டுச்சேலையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தோம்.

அது ஏன் ஐயாயிரம்? நாலாயிரமோ பத்தாயிரமோ ஏன் இல்லை? அந்தத் தொகையை யார் முடிவு செய்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. எல்லோருக்கும் அது இயல்பாகத் தோன்றியது. பல வருடம் கழித்து ஒரு வக்கீல் நண்பர் விளக்கினார். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கம். அங்கே 1916இல் கிறிஸ்தவர்களுக்கு என்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு, மகனின் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம், அந்தச் சட்டம் 1951லேயே செத்துப்போயிற்று, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடு இல்லாமல் சமமாக.

தீர்ப்பு வந்து பதின்மூன்று வருடம் கழித்தும் நாங்கள் செத்த சட்டத்தின் தொகையை எண்ணி அக்காள் கையில் வைத்திருக்கிறோம். சட்டம் செத்தாலும் அதன் கை எங்கள் பைக்குள் இருந்தது.

கணக்கு எளிது. மொத்தம் 120 சென்ட். அம்மாவுக்கு 40. மீதி 80ஐ மூன்றாகப் பங்கிட வேண்டும். அம்மா 2006இல் போனபின் அவள் பங்கும் மூன்றாகும். ஆக ஆளுக்கு 40 சென்ட். என் கையில் 60 இருந்தது. வகுப்பில் ஒரு பையன் இப்படிப் பங்கிட்டிருந்தால் பெஞ்சுமேல் நிறுத்தியிருப்பேன்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் தோள்சீலைப் போராட்டத்தைப் பெருமையோடு பேசுவோம். மாரை மறைக்கக் கூடாது என்று சாதிக் கட்டுப்பாடு சொன்ன காலத்தில், எங்கள் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் மறைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார்கள், அடி வாங்கினார்கள், 1859இல் அரச விளம்பரம் வரும்வரை விடவில்லை. "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்ற அப்போஸ்தலரின் வார்த்தையை அந்தப் பெண்களோடு சேர்த்து நானே மேடையில் சொல்லியிருக்கிறேன். ஊருக்குக் கீழ்ப்படியாததால் மானத்தோடு வாழ்ந்த பெண்களின் பேத்தியை, கீழ்ப்படி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியவனும் நானே. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பதினேழு வருடம் ஆயிற்று.

தென்னிந்தியத் திருச்சபையில் வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை உண்டு. ஜான் வெஸ்லி 1755இல் தொடங்கிய வழக்கம்; மெதடிஸ்டுகள் வழியாக எங்களுக்கு வந்தது. நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன் என்ற பொருளில் சபை முழுக்க எழுந்து நின்று சொல்ல வேண்டும். எனக்கு அது மனப்பாடம். மனப்பாடமானவை பல்லுக்கும் நாக்குக்கும் இடையிலேயே தங்கிவிடும். 2016 ஜனவரியில் அதைச் சொல்லிவிட்டு, வாசலில் வைத்திருந்த தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்தேன். வருடத்துக்கு ஒரு வசனம் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அதே அட்டைதான். எனக்கு வந்தது சங்கீதம் 147: "அவர் உன் எல்லைகளைச் சமாதானமுள்ளவைகளாக்கி…"

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். விளையின் கிழக்கு எல்லையில் பக்கத்து நிலத்துக்காரரோடு வேலித் தகராறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது தீரப்போகிறது என்று நினைத்தேன். எல்லை என்றதும் எனக்கு நினைவு வந்தது கிழக்கு வேலி. மேற்கே தூங்கிக்கொண்டிருந்த இருபது சென்ட் கொஞ்சமும் நினைவுக்கு வரவில்லை.

அந்த மாதத் திருவிருந்து ஞாயிறு அன்று ஆயர் மலைப்பிரசங்கத்தில் ஒரு பகுதியை வாசித்தார். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்ற வசனம். நூறு தடவை வாசித்திருக்கிறேன். வாசித்ததெல்லாம் தலைகீழாக. எனக்கு யார்மேலும் குறை இல்லையே என்று பார்த்துக்கொண்டு, இல்லை என்றானதும் எழுந்து பந்திக்குப் போய்விடுவேன். வசனம் கேட்பது அதுவல்ல. உன்பேரில் யாருக்காவது குறை உண்டா என்று கேட்கிறது. குறை வைத்தவன் மறந்துவிடுவான், பட்டவள் மறப்பதில்லை.

அன்றைக்கு நான் எழுந்து வெளியே போயிருந்தால் இது நல்ல சாட்சிக் கதையாக இருந்திருக்கும். நான் போகவில்லை. அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு எட்டு மாதம் வேறு எல்லாவற்றையும் செய்தேன்.

முதலில் கோயிலுக்கு நான்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன். பென்ஷனில் தசமபாகத்துக்கு, அதாவது பத்தில் ஒரு பங்குக்கு, மேலேயும் கொடுக்கத் தொடங்கினேன். லெந்து என்ற தவக்காலத்தின் நாற்பது நாளும் ஒரு வேளை உபவாசம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு குலை செந்துளுவன் பழத்தை யாரும் கேட்காத விலைக்கு ஏலம் எடுத்தேன், கைதட்டினார்கள். கடைசியில், "கர்த்தருடைய சித்தம் என்ன என்று அறிய" ஜெபிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு எவ்வளவு பணிவான சொல்! நான் கண்டது என்னவென்றால், எழுதிவைத்திருக்கும் கட்டளையைச் செய்ய மனமில்லாதவனுக்குத்தான் சித்தம் அறியும் ஜெபம் நீளுகிறது. எந்தப் பெண்ணைக் கட்டுவது, எந்த ஊருக்கு மாற்றல் கேட்பது என்பதற்கெல்லாம் சித்தம் கேட்கலாம். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதா என்பதற்குச் சித்தம் கேட்பது, கடன்காரன் வாசலில் நிற்கும்போது பஞ்சாங்கம் பார்ப்பதுபோல.

நிம்மதி வரவில்லை. மழைக்காலத்தில் இரவு விளையில் நெற்று விழும் சத்தம் கேட்கும். தென்னைக்கு நடுவில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும்; முதலில் ஓலையை உரசும் சத்தம், ஒரு நொடி ஒன்றுமில்லை, பிறகு தொப்பென்று. ஒரு கிளைச் சபைக்காக 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்ன இடத்தில் சவுல் ராஜா கொழுத்த ஆடுமாடுகளைத் தப்பவைத்துக்கொண்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் சொல்கிறான். சாமுவேல் கேட்கிறார்: "அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தமும், எனக்குக் கேட்கிற மாடுகளின் சத்தமும் என்ன?" அவைகளைக் கர்த்தருக்குப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்கிறான் சவுல். அந்த நேரத்தில் வெளியே ஒரு நெற்று விழுந்தது. மேற்குப் பக்கம். நான்கு மின்விசிறியும் செந்துளுவன் குலையும் எங்கிருந்து வந்த பணம் என்று எனக்கு விளங்கிற்று. அக்காளுடைய ஆட்டைத்தான் நான் பலியிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அதிகாரத்தில்தான் "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும்… செவிகொடுத்தலும் உத்தமம்" என்று வருகிறது. நம் மொழியில் படிதல் என்பது நல்ல சொல். ஆற்றில் வண்டல் படிவதுபோல, ஆடிக்கொண்டிருப்பது அடங்கி அடியில் போய்ச் சேர்வது. என் காணிக்கை எல்லாம் மேலே மிதந்துகொண்டிருந்தது.

மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பதுதான் எட்டு மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். இரண்டு பிள்ளைகள், வீட்டுக்கடன், எந்தப் பெண் சம்மதிப்பாள்? ஒரு சனிக்கிழமை, அவள் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என் அண்ணன்மார் என்னிடம் கையெழுத்து வாங்கிய அன்று நீங்கள் இரண்டு நாள் சாப்பிடாமல் கோபப்பட்டீர்கள். மைனிக்கும் அன்று அப்படித்தானே இருந்திருக்கும்? எனக்கு எப்போதோ தெரியும். நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்." அரை நிமிடம்கூட ஆகவில்லை. நமக்குக் கீழ்ப்படிய மனமில்லாதபோது முதலில் பழி போடுவது வீட்டில் இருப்பவர்கள்மேல்தான். கேட்டுப்பார்ப்பதற்கு முன்பே அவர்கள் பதிலை நாம் எழுதிவைத்துவிடுகிறோம்.

மகன்தான் எதிர்த்தான். "அத்தை பதிவு செய்து கொடுத்த பத்திரம், அப்பா. சட்டப்படி நீங்கள் யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை." சொன்னது சரி. சட்டம் என்னை விட்டுவிட்டது. அதனால்தான் இது கீழ்ப்படிதல் என்ற கணக்கில் வருகிறது. இல்லாவிட்டால் அது வெறும் வழக்குத் தோல்வி.

அக்காள் வீட்டுக்கு மனைவியோடு போனேன். போகும்போது பஸ்ஸில் ஒரு முழுப் பேச்சைத் தயாரித்துவைத்திருந்தேன்: அந்தக் காலத்து வழக்கம், அம்மாவின் பிடிவாதம், எனக்குச் சட்டம் தெரியாமல் போனது. வாசலில் அவளைப் பார்த்ததும், இவை எல்லாமே "ஆனால்" என்று தொடங்கும் வாக்கியங்கள் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில்நுட்பம் இதுதான்: போகும் வழியிலேயே "ஆனால்" எல்லாவற்றையும் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்குங்கள். "உன் பங்கை நான் எடுத்துக்கொண்டேன், அக்கா. இருபது சென்ட் உன்னுடையது. எழுதித் தருகிறேன். நான் செய்தது தப்பு" என்றேன். நான்கு வாக்கியம். அதற்கே நாக்கு வறண்டுவிட்டது.

அவள் அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அவள் என் மனைவிக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, நின்றபடியே கேட்டாள்: "2003இல் உன் அத்தானைத் திருவனந்தபுரத்தில் சேர்த்தபோது என் கழுத்துச் சங்கிலியை விற்றேன். அப்போது இருபது சென்ட் எங்கே இருந்தது?"

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஆரஞ்சுப் பழமும் ஐநூறு ரூபாயும் கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் படியிட்டு நீண்ட ஜெபம் செய்துவிட்டு வந்தேன். வார்டில் இருந்த மற்றவர்கள்கூட ஆமென் சொன்னார்கள்.

"நீ நல்ல ஜெபம் பண்ணினாய்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சமையலறைக்குப் போய், திரும்பி வந்து, "தேங்காய் வெட்டின காசு?" என்று கேட்டாள்.

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இருபது சென்ட்டுக்குச் சுமார் 14 தென்னை. மரத்துக்கு வருடம் 60 காய் என்று குறைத்துப் பிடித்தாலும் 840. பதினேழு வருடத்துக்கு 14,280 காய். விலை ஏறி இறங்கியதைச் சராசரியாக ஆறு ரூபாய் என்று வைத்தால் 85,680. வெட்டுக் கூலி, உரம், தண்ணீர் என்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 57,000 சொச்சம். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றான் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. உடனே அதை மறந்துவிடப் பார்த்தேன். அறுபதாயிரமாக முழுமையாக்கி, இரண்டு தவணையாகக் கொடுத்தேன். சகேயுவின் கணக்கில் நான் இன்னும் கடனாளிதான்.

அக்காள் கேட்காமல் இருந்திருந்தால் நிலத்தை மட்டும் கொடுத்துவிட்டு மிகவும் பரிசுத்தமாக உணர்ந்திருப்பேன். கீழ்ப்படிதலின் அளவை நாமே முடிவு செய்தால் எப்போதும் நமக்குச் சௌகரியமான இடத்தில்தான் கோடு விழும். யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர்களிடம் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்கள் கேட்பது எல்லாமே நியாயமாக இருக்காது. கேட்ட பிறகுதான் அது தெரியும்.

தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவன் பங்கிலும் இருபது சென்ட் இருக்கிறது. "அண்ணா, உனக்குப் பென்ஷன் வருகிறது, நீ பரலோகத்துக்குச் சேமிக்கலாம். நான் கடை வைத்துப் பிழைக்கிறேன். நீ எழுதிக் கொடுத்தால், நான் ஏன் கொடுக்கவில்லை என்று நாளைக்குச் சபையில் கேட்பார்கள். நீ பெயர் வாங்குவதற்கு என் தலையில் ஏன் கல்லைப் போடுகிறாய்?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. யோசித்தால், அவன் சொன்னதில் பெயர் வாங்குவது என்ற பகுதி பாதிக்குப் பாதி உண்மை. எழுதிக் கொடுப்பதைச் சபையில் எப்படிச் சாட்சியாகச் சொல்வது என்று ஒரு இரவு நான் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். அதன்பின் ஆயர் கேட்டபோதும் சாட்சி சொல்ல மாட்டேன் என்றுவிட்டேன். இரண்டு கிறிஸ்துமஸ் தம்பி வீட்டுக்கு வரவில்லை. கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிந்தால் குடும்பம் ஒன்றுசேரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவருக்குத் தம்பி இல்லை என்று அர்த்தம்.

இங்கே வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை வாசித்துவிட்டு யாராவது தப்பாகப் புரிந்துகொள்ளலாம். விசுவாசத்தில் வேலையை விட்டேன், வீட்டை விற்று ஊழியத்துக்குக் கொடுத்தேன் என்று சாட்சி சொல்லும் ஆண்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் மனைவிமாரையும் தெரியும். சீட்டுப் பணம் கட்ட முடியாமல் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குகிறவர்கள் அந்தப் பெண்கள். கீழ்ப்படிந்தது ஒருவர், விலை கொடுத்தது இன்னொருவர். எங்கள் வீட்டிலும் 1999இல் நடந்தது அதுதானே. இப்போதெல்லாம் யாராவது கர்த்தர் பேசினார் என்று சொல்லி வந்தால், பில் யார் பெயருக்கு வருகிறது என்று முதலில் கேட்பேன். பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தில் இயேசு மரணபரியந்தமும் கீழ்ப்படிந்தார் என்று வருகிறது. சிலுவையில் போனது அவரேதான். வேறு யாரையும் அனுப்பவில்லை.

பத்திர வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பழைய விடுதலைப் பத்திரத்தை நினைத்த மாத்திரத்தில் அழிக்க முடியாது. நிலம் என் பெயரில் இருப்பதால் நான்தான் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பத்தாருக்குள் தான செட்டில்மென்ட் எழுதினால் விற்பனைப் பத்திரத்தைவிட முத்திரைத் தீர்வை குறைவு. முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வீட்டுக்கடனுக்கு அந்த விளையை அடமானம் வைத்திருந்ததால் அதை அடைத்து ரசீது பதிவு செய்யவே நான்கு மாதம் ஆயிற்று. செலவு முழுவதும் கொடுப்பவருடையதாகவே இருக்கட்டும். பெறுகிறவரிடம் பத்திரச் செலவைக் கேட்டால் நீங்கள் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பதிவு 2017இல் முடிந்தது. பட்டா உட்பிரிவுக்கு மனு கொடுத்த இடத்தில் கோப்பு நகரவில்லை. என்ன கொடுத்தால் நகரும் என்று ஒருவர் வாசலில் வைத்து மென்மையாகச் சொன்னார். பெரிய தொகை இல்லை. மகன், "நான் கொடுத்துவிடுகிறேன், உங்களுக்குத் தெரியவே வேண்டாம்" என்றான். கீழ்ப்படிதலை லஞ்சம் கொடுத்து விரைவாக முடிப்பதா? சிரிப்பாக இருந்தது. சாதாரண நாளில் கொடுத்திருப்பேனோ என்னவோ. அக்காளிடம் போய், கொடுக்கவில்லை, அதனால் தாமதமாகும், உனக்கு அவசரம் என்றால் சொல் என்றேன். "பதினெட்டு வருடம் காத்தவளுக்கு இன்னும் ஐந்து மாதம் என்ன?" என்றாள். சரியாக ஐந்து மாதம் ஆயிற்று. எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நில அளவர் வந்த அன்று நல்ல வெயில். அக்காள் குடையோடு வந்து விளையின் நடுவில் நின்றாள். 1999க்குப் பிறகு அவள் அந்த மண்ணில் காலை வைக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சங்கிலி பிடித்து அளந்து கல் நடும் இடம் வந்தது. அப்பா நட்ட வருக்கைச் சக்கை மரம், அதாவது பலா, என் பக்கம் நின்றது, கோட்டிலிருந்து மூன்றடி. அவள் குடையை மடக்கி அந்த மரத்தைச் சுட்டிக்காட்டினாள். "அது எனக்கு வேண்டும். நான் பிறந்த வருடம் அப்பா நட்டது."

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. இருபது சென்ட் கொடுத்தாயிற்று, காசு கொடுத்தாயிற்று, பத்திரச் செலவு என்னுடையது, இப்போது மூன்றடி. எட்டு மாதத்தில் ஒழிந்துவிட்டதாக நினைத்திருந்த ஆள் எங்கேயும் போகவில்லை. குடைக்கு எதிரே வியர்த்துக்கொண்டு நின்றிருந்தான். மகன் என் முகத்தைப் பார்த்தான். நில அளவர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களுக்குள் சம்மதம் என்றால் வடக்கே அவ்வளவு குறைத்துக்கொள்ளலாம், அளவு மாறாது" என்றார். குறைக்க வேண்டாம் என்று சொன்னேன். சொல்லும்போது சந்தோஷமாக இல்லை. கல்லைத் தள்ளி நட்டார்கள். சமாதானமுள்ள எல்லை என்று அட்டையில் வந்தது கிழக்கு வேலி இல்லை என்று அந்தச் சுத்தியல் சத்தத்தில் புரிந்தது. கிழக்கு வேலித் தகராறு இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்காள் இப்போது மாதத்துக்கு ஒரு தடவை விளையைப் பார்க்க வருகிறாள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவாள். என் மனைவியோடு மணிக்கணக்காகப் பேசுவாள். என்னோடு குறைவுதான். சாப்பிடச் சொன்னால் இன்னொரு நாள் என்பாள். போன வருடம் அந்த மரத்தில் காய்த்த முதல் சக்கையைப் பேரன் கையில் கொடுத்து அனுப்பினாள். இரண்டு நாளில் பழுத்தது, நல்ல வருக்கை.

தம்பி பங்கில் இருக்கும் இருபது சென்ட்டைப் பற்றி அவள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். "அவனிடம் பேசினாயா?" கடைசியாக வந்தபோதும் கேட்டாள். அவன் கடையை நான் தினமும் தாண்டித்தான் போகிறேன். முன்னால் போய் நின்று பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

தேயிலை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனேன்.